காரப்பேட்டைக்கு வந்த வழி

மருந்து வந்த பாதை: வரலாற்றுத் தொடர் – 14

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி காலமானார். இரண்டு மாதத்துக்குள், செப்டம்பரில், முதலமைச்சர் அண்ணா நியூயார்க்குக்கு விமானம் ஏறினார். உணவுக்குழாயில் புற்று. மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் தியோடர் மில்லர் அறுவை செய்தார். நவம்பரில் ஊர் திரும்பிய அண்ணா, மறு ஜனவரி 14ஆம் தேதி தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். 1969 பிப்ரவரி 3ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

அந்த மருத்துவமனையே முத்துலட்சுமி ரெட்டி ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கியது. அவர் கேட்காமல் இருந்திருந்தால், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, சித்தியைத் ‘தொத்தா’ என்று கூப்பிட்டு வளர்ந்து, நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து முதலமைச்சரான அந்த மனிதருக்குச் சொந்த மண்ணில் புற்றுநோய்க்கென்று ஒரு படுக்கை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அதே 1969இல் காஞ்சிபுரத்தின் ஓரத்தில், காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்றைக்கும் ஊருக்குள் “காரப்பேட்டைக்குக் கூட்டிப் போயிருக்காங்க” என்று யாராவது சொன்னால், என்ன நோய் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

சென்ற இதழில் 1934இல் நின்றோம். சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் பார்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தாயிற்று; எக்ஸ்ரேயும் ரேடியமும் வந்தாயிற்று. இந்த இதழில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை கேட்டவர்களின் கதை ஒன்று. அந்தப் புற்றுநோய்களுக்குள்ளேயே கேட்க ஆளில்லாமல் பின்தங்கிப்போன ஒன்றின் கதை இன்னொன்று. அது மூளைப் புற்று.

முத்துலட்சுமி ரெட்டிக்கு இது புத்தகத்தில் படித்த நோய் அல்ல. தங்கை சுந்தராம்பாளுக்குச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் நடந்தது. மலக்குடல் புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் தங்கை போனார். அக்காவோ சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை என்ற வேதனையை அவர் மனத்துக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. பொதுக் காரியமாக ஆக்கினார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தேவதாசி முறை ஒழிப்பு, குழந்தைத் திருமணத் தடை, அவ்வை இல்லம் என்று கை நிறைய வேலை இருந்தது. அத்தனைக்கும் நடுவில் இந்த ஒன்றை அவர் கைவிடவே இல்லை.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. வாழ்த்துரையும் மலர்மாலையும் நிறைந்த மேடையில் அவர் எழுந்து, புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். அந்தக் காலத்து நிலவரத்தைப் பார்த்தால் அது எவ்வளவு கடினமான கோரிக்கை என்று புரியும். மலேரியா, காலரா, அம்மை, காசநோய், பிரசவ மரணம் என்று அரசின் முன்னால் வரிசை நின்றது. புற்றுநோய் வந்தால் போய்ச்சேர வேண்டியதுதான் என்பது ஜனங்களின் எண்ணம் மட்டுமல்ல, மருத்துவர்கள் பலரின் எண்ணமும் அதுதான். குணமாகாத நோய்க்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடி வரும்.

இந்தக் கேள்விக்கு முத்துலட்சுமி ரெட்டி கொடுத்த பதில், அலையாய் அலைந்ததுதான். இந்தியப் பெண்கள் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். கடிதம் எழுதினார், மனு கொடுத்தார், வீட்டு வாசலில் போய் நன்கொடை கேட்டார். மகன் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்தார். 1952 அக்டோபர் 10ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். மேடையில் கேட்டதற்கும் கல் நட்டதற்கும் இடையில் 17 ஆண்டுகள். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறில் கதவு திறந்தபோது இருந்தவை 12 படுக்கைகள். மருத்துவமனையை ஆரம்பித்த அம்மாவுக்கு அப்போது 67 வயது.

மறு ஆண்டு டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப் பணித் தேர்வில் தேறி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் குடிசைக்கு வருகிறாளே என்று சுற்றியிருந்தவர்கள் திகைத்தார்கள். முதலில் சம்பளமில்லாத வேலை; பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே ஒரு ஜாகையும். 2021 ஜனவரி 19ஆம் தேதி தம் 93ஆம் வயதில் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. 1950களிலேயே கோபால்ட் 60 கதிர்க்கருவி, நாட்டிலேயே முதலாவது, கனடாவிலிருந்து அடையாறுக்கு வந்தது. 1975இல் மத்திய அரசின் மண்டலப் புற்றுநோய் மையம் என்ற தகுதி.

சாந்தாவின் மருத்துவச் சாதனைகளை எல்லோரும் எழுதியாயிற்று. அவருடைய மனுக்களைப் பற்றித்தான் நான் சொல்ல விரும்புகிறேன். புற்றுநோய் மருந்துகளின் மீதான இறக்குமதித் தீர்வையை எடுக்கச் சொல்லி டில்லியை விடாமல் கேட்டவர்களில் அவர் முதல் வரிசையில் நின்றார். நோயாளிகள் சிகிச்சைக்கு வந்துபோகும் செலவைப் பற்றியும் பேசினார். இன்று ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு. இதெல்லாம் தானாக வந்ததில்லை. யாரோ ஒருவர் அலுவலகப் படி ஏறி இறங்கியதால் வந்தது.

இனி மூளைக்கு வருவோம்.

இந்தியாவில் மூளை அறுவை ஒரு துறையாகத் தொடங்கியது தமிழ் மண்ணில்தான். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1950 அக்டோபரில் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி, சீர்காழிக்காரர், இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி. 1951இல் இவர்கள் இருவரும் நரம்பியல் மருத்துவர்களான நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். நால்வரே கொண்ட சங்கம்.

அன்று மண்டை ஓட்டுக்குள் கட்டி இருக்கிறதா, இருந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மூளையின் உள்ளறைகளில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்குத் தலை வெடித்துவிடும் போல வலிக்கும். அல்லது கழுத்து ரத்தக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். ரத்தக்குழாய் வழக்கமான இடத்தை விட்டு ஒதுங்கியிருந்தால், அதை ஒதுக்கிய கட்டி பக்கத்தில் இருக்கிறது என்று ஊகம். திறந்து பார்த்தால் நம் ஊரில் பல பேருக்கு இருந்தது புற்றே அல்ல; காசநோய்க் கட்டி. அந்தக் காலத்து இந்திய மருத்துவமனைகளில் மூளைக்கட்டி என்று வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதற்கும் மேல், இதுதான் நிலைமை. காசநோய் மருந்துகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் கட்டிகள் குறைந்தன. குணப்படுத்த வழியிருந்தவை விலக விலக, குணப்படுத்த வழியில்லாதவை எஞ்சின. மூளையின் சொந்தத் திசுவிலிருந்தே முளைக்கும் கிளியோமாக்கள். அவற்றில் கொடியது கிளியோபிளாஸ்டோமா.

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவிக்குள் முதன்முதலாகப் படுத்தவர் ஒரு பெண். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகம். இருந்தது. காற்றும் சாயமும் வைத்து ஊகித்ததைக் கண்ணாலேயே பார்க்கும் காலம் அன்று பிறந்தது. கண்டுபிடிப்பது எளிதானது. குணப்படுத்துவதில் மாத்திரம் பாதை நகரவில்லை.

காஞ்சிபுரத்தில் இந்த நோய் ஒரு தறி வீட்டுக்குள் எப்படி நுழையும் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி. கோர்வைச் சேலை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், மூன்று நாடா. நெய்கிறவர் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். மறுகரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர். பல வீடுகளில் மனைவி, அல்லது மகன். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஊடையை ஊடையோடு பூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் இழை பிசகினாலும் பல்லில் தெரியும். பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆள்தான் முதலில் கவனிப்பார்: வலது கை அரை நொடி தாமதிக்கிறது. விழுந்த நாடாவை எடுக்கக் கை தடவுகிறது. கணக்குப் பிள்ளை மாதிரி ஜரிகை எடையைச் சொல்கிறவர், முந்தாநாள் எத்தனை கெஜம் ஏற்றினோம் என்று தடுமாறுகிறார். விடியற்காலையில் தலைவலி, வாந்தி. கண் கெட்டுப்போச்சு என்று கண்ணாடி மாற்றுவார்கள். பித்தம் என்று சுக்குக் கஷாயம். ஒரு நாள் தறியிலேயே வலிப்பு.

தலை நோய் என்றால் காஞ்சியில் கச்சபேஸ்வரர் கோயில். கார்த்திகை மாதத்துக் கடைஞாயிறு விழாவில், புதுச் சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து பிராகாரம் சுற்றி வருவார்கள். தலை சம்பந்தமான நோய் தீரும் என்பது நம்பிக்கை. அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. விளக்கு எடுத்த கையோடு ஸ்கேனும் எடுக்க முடிந்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு மாதம் ஓடிவிடாமல் இருந்தால் போதும்.

இந்த நோய்க்குக் குரல் இல்லாமல் போனதற்கு நான் காணும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மார்பகப் புற்றில் மீண்ட பெண்கள் மேடை ஏறிப் பேசுகிறார்கள். ரத்தப் புற்றில் பிழைத்த பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போகிறான், அவன் படம் நாளிதழில் வருகிறது. கிளியோபிளாஸ்டோமா எடுத்துக்கொள்வது பேச்சை, நினைவை, எழுதும் கையை, சில நேரம் அந்த மனிதரின் குணத்தையே. மனு எழுதும் நிலையில் அவர் இருப்பதில்லை. எழுதக்கூடிய மனைவியோ மகனோ, தறியையும் பார்த்து ஆளையும் பார்த்து ஓய்ந்துபோயிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடுகிறது. முடிந்தபின் அந்த வீடு கடனை அடைக்கப் போய்விடுகிறது.

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2018ஆம் ஆண்டில் இந்தியாவில் மூளை, நரம்பு மண்டலப் புற்று புதிதாகக் கண்டவர்கள் சுமார் 28,000 பேர். அந்த ஆண்டில் அதனால் இறந்தவர்கள் சுமார் 24,000 பேர். மார்பகம், வாய், கருப்பை வாய்ப் புற்றுகளின் லட்சக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் சின்ன எண். அபூர்வ நோய், அதுவும் குணமாகாத நோய், இதற்கு ஏன் பணம் என்ற கேள்வி கிளம்புகிறது. 1935இல் முத்துலட்சுமி ரெட்டி எதிர்கொண்டது இதே கேள்விதான். அன்று எல்லாப் புற்றுக்கும் சேர்த்துச் சொன்னதை இன்று மூளைப் புற்றுக்கு மட்டும் சொல்கிறார்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். இத்தனை பேர் சாகிற நோய்க்குத்தான் ஆராய்ச்சி அதிகம் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. குணமாகாமல் இருப்பதற்கு ஆராய்ச்சிக் குறைவே ஒரு காரணமாக இருக்கும்போது, குணமாகாததைக் காட்டி ஆராய்ச்சிப் பணத்தை மறுப்பது எந்த நியாயம்?

கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சரித்திரம் இருக்கிறது. டெசா ஜோவல், முன்னாள் அமைச்சர். கிளியோபிளாஸ்டோமா வந்த நிலையில் 2018 ஜனவரி 25ஆம் தேதி பிரபுக்கள் சபையில் எழுந்து, தமக்காக அல்ல, தம்மைப்போன்ற எல்லோருக்காகவும் பேசினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அங்கே அது வழக்கமே இல்லை. மே மாதம் அவர் இறந்தார். அரசு 4 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. ஐந்து ஆண்டு கழித்து 2023இல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று கணக்குப் பார்த்தபோது, அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பவுண்டுதான் ஆய்வாளர்கள் கைக்குப் போயிருந்தது. பணம் இருந்தது, அதைக் கேட்டு வாங்கி வேலை செய்ய இந்தத் துறையில் ஆய்வுக்கூடமும் ஆளும் போதவில்லை. விண்ணப்பங்கள் பல தள்ளுபடியாயின. நிதி ஒதுக்கீட்டை மாத்திரம் கேட்கிறவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. ஆள் வளர்ப்பதற்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஆளே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரம் கிளியோபிளாஸ்டோமாவின் மரபணுக்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் மைக்கேல் குரோமிஹா குழுவினர் இந்தப் புற்றைத் தூண்டும் மரபணு மாற்றங்களை இனங்காணும் ஒரு கணினிக் கருவியை 2023இல் வெளியிட்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி நடக்கிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் துணையோடு இந்திய மூளைக்கட்டி அறக்கட்டளை நோயாளிகளுக்கு உதவிவருகிறது. இவை நல்ல தொடக்கங்கள். 28,000 வீடுகளுக்கு இவை காணாது.

மருந்தின் கதை வேறு மாதிரி. கிளியோபிளாஸ்டோமாவுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் மாத்திரை டெமோசோலோமைடு. 1980களில் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழு உருவாக்கியது. கதிர்ச் சிகிச்சையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2005இல் ரோஜர் ஸ்டுப் தலைமையிலான ஆய்வு காட்டியது: சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாயிற்று. இரண்டரை மாதம்தானா என்று கேட்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: இரண்டு ஆண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து 26 பேராக உயர்ந்தார்கள். ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு பையனின் பிளஸ் டூ, ஒரு கடனின் கடைசித் தவணை, இவ்வளவும் அந்த இரண்டு ஆண்டுக்குள் அடங்கும்.

இந்த மாத்திரை நம் நாட்டில் பல கம்பெனிகளால் மலிவாகத் தயாராகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. 1970இல் நாடாளுமன்றம் இயற்றிய காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்று வகுத்ததன் பலன் இது. 2005இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உடனே முதல் பெரிய மோதல் நடந்த இடம் சென்னை. ரத்தப் புற்று மருந்தான இமாட்டினிபுக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை, மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தன. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக டில்லிக்குப் போய், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. மாதம் 1,20,000 ரூபாய் என்று இருந்த மருந்து சுமார் 10,000 ரூபாய்க்குள் இந்தியத் தயாரிப்பாகக் கிடைப்பது தொடர்ந்தது. நோயாளிகளின் சங்கம் ஒன்று அரசு அலுவலகத்தில் ஆட்சேபணை மனு கொடுத்ததில் தொடங்கிய காரியம் இது.

ஆக, மாத்திரை எட்டிவிட்டது. எட்டாதது எது?

காரப்பேட்டையில் கதிர் உண்டு, கீமோ உண்டு. மண்டையைத் திறக்கும் அறுவைக்குச் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போக வேண்டும். சென்னை சுமார் 75 கிலோமீட்டர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் விரிவான திட்டமாக மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் போட்டோ எடுத்து எண் வாங்க வேண்டும். வலிப்பு வந்த மறுநாள் இதையெல்லாம் செய்ய வீட்டில் ஓர் ஆள் ஓட வேண்டும். ஓடுகிற அந்த ஆள்தான் தறியில் மறுபக்கம் உட்கார்கிறவர். இருவரும் எழுந்துவிட்டால் கோர்வைத் தறி நின்றுவிடுகிறது. நெசவில் மாதச் சம்பளம் கிடையாது. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் சங்கத்திலோ முதலாளியிடமோ கூலி. காப்பீடு மருத்துவமனைக் கணக்கைக் கட்டும். நின்ற தறியின் கணக்கை யார் கட்டுவது?

கதிர்ச் சிகிச்சை வழக்கப்படி 30 தடவை. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். ஒவ்வொரு தடவையும் கருவிக்கு அடியில் படுப்பது சில நிமிஷம். அதற்காக நாள் முழுவதும் போகும். பிறகு ஆறு மாதத்துக்கு, 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவருக்குக் காரப்பேட்டையே தூரம்தான்.

இந்த இடத்தில்தான் ஏழைக்கான ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. 2015இல் சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு வந்தது. வயதானவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் கதிரை மூன்று வாரம் கொடுப்பதற்குப் பதில் ஒரே வாரத்தில், ஐந்து தடவையில், கொடுத்துப் பார்த்தார்கள். 98 நோயாளிகள். ஆயுளில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை; அலைச்சல்தான் குறைந்தது. கம்பெனிகள் இந்த மாதிரி ஆய்வுக்குப் பணம் போட மாட்டா. விற்க இதில் ஒன்றும் இல்லை. அரசுப் பணத்தில்தான் நடக்க வேண்டும். இளவயதினருக்கு எந்த அளவு சுருக்கலாம், மாத்திரையோடு சேர்த்து எப்படி, நம் ஊர் உடம்புக்கு எது தாங்கும் என்ற கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய இடம் காரப்பேட்டை மாதிரி மருத்துவமனைகள்தான். ஏனென்றால் அந்த நோயாளிகள் அங்கேதான் வருகிறார்கள்.

தரமணியில் 2019 ஜனவரியில் தனியார் துறையில் புரோட்டான் சிகிச்சை மையம் திறந்தது, தெற்காசியாவிலேயே முதலாவது. குழந்தைகளின் மூளைக்கட்டிக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிக்கும் அது பெரிய வரம். பக்கத்து நல்ல திசுவைக் கதிர் குறைவாகவே சுடும். அதே தரமணியில்தான் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையும் இருக்கிறது. ஓய்வுபெற்ற பின் ராமமூர்த்தி அங்கே ஒரு நரம்பியல் அறுவை மையத்தை வளர்த்தார். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது சஞ்சீவி வகுத்த முறை. இரண்டு கட்டடத்துக்கும் இடையே நடந்துபோகிற தூரம்தான். புரோட்டானுக்கு ஆகும் பல லட்சத்தைக் காப்பீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது, முதலில் எந்த நோயாளிக்கு, குறைந்தபட்சம் குழந்தைகளுக்காவது என்ற பேச்சு சட்டமன்றத்தில் எழ வேண்டும். எழுப்ப வேண்டியவர்கள் நாம்.

காரப்பேட்டையை 100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் உயர்சிறப்பு மையமாக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். புதுக் கட்டடத்தில் மூளை அறுவைக்கு ஒரு தியேட்டரும், அதற்கு நிரந்தரப் பணியிடமாக நரம்பியல் அறுவை மருத்துவர்களும் வேண்டும். எடுத்த கட்டியின் வகையை மரபணு அளவில் சொல்லும் சோதனைக்கூடம் வேண்டும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியமைத்த வகைப்பாட்டின்படி, அந்தச் சோதனை இல்லாமல் எந்தக் கிளியோமா என்றே முழுசாகச் சொல்ல முடியாது. கூட வருகிறவர் ஆறு வாரம் தங்க ஓர் இடம். பேச்சு போனவருக்குப் பேச்சுப் பயிற்சி, கை போனவருக்குக் கைப் பயிற்சி. கடைசி மாதங்களில் வலியில்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள், சிகிச்சை நடக்கும் வாரங்களுக்கு நின்ற தறிக்கு ஈடாக ஒரு தொகையைத் தங்கள் நலநிதியிலிருந்து தர முடியுமா என்று யோசிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் அண்ணா பெயரிலேயே ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. முதல் மனுவை அங்கேயே கொடுக்கலாம்.

ஜூன் 8ஆம் தேதி உலக மூளைக்கட்டி நாள். ஜெர்மானிய மூளைக்கட்டிச் சங்கம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. காஞ்சியில் அது வைகாசிக் கூட்டத்தை ஒட்டி வரும்; வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு ஊர் கொள்ளாத ஜனம் சேரும் பருவம். அந்தக் கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை போதும்: காலைத் தலைவலி, காரணமில்லாத வாந்தி, புதிதாக வந்த வலிப்பு, ஒரு பக்கக் கைத்தளர்ச்சி, குணமாற்றம். இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடாமல் ஸ்கேன். மறுபக்கத்தில் காப்பீட்டு மையத்தின் முகவரியும் ரயில் சலுகைப் படிவம் வாங்கும் முறையும்.

மேலே 28,000 என்று ஓர் எண் சொன்னேன். தமிழ்நாட்டில், அதிலும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை என்று கேட்டால்தான் அரசு அசையும். அந்தக் கணக்கை எடுப்பதற்கும் ஒருவர் போராட வேண்டியிருந்தது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியபோது சென்னையின் பதிவேடு அடையாறில் அமைந்தது. மருத்துவமனை மருத்துவமனையாக, சுடுகாட்டுப் பதிவுவரை போய்ப் பெயர் எழுதிய களப்பணியாளர்களின் கதை அடுத்த இதழில்.